வழக்கத்துக்கு மாறான நிறத்தில் பேட்ஜரைப் பார்த்தால்: பிரிட்டனில் பதிவு செய்வதற்கான வழிகாட்டி

பிரிட்டனில் ஊருக்கு ஒதுக்குப்புறமாக வீடு அமைந்தவர்களுக்கு, வளைக்கரடி எனப்படும் பேட்ஜர் சீக்கிரமே பழகிவிடும். வெள்ளை முகத்தில் இரண்டு கறுப்புப் பட்டைகள், சாம்பல் முதுகு, கறுத்த கால்களும் வயிறும். இருட்டத் தொடங்கியதும் புல்வெளியைக் கிளறிக்கொண்டு வரும். அந்தக் கூட்டத்தில் ஒருநாள் செம்பழுப்பாகவோ முழு வெள்ளையாகவோ ஒன்று வந்து நின்றால் என்ன செய்வீர்கள்?

எனக்கு அது வாய்த்தபோது ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். படத்தை உடனே எல்லோருக்கும் அனுப்பு என்றார் ஒருவர். யாருக்குமே காட்டாதே என்றார் இன்னொருவர். பார்த்த உயிரினங்களைப் பதிவு செய்யும் இணையத்தளங்களில் நிறத்துக்கென்று தனி இடம் இல்லை. நில உரிமையாளர் காப்பீடு கேட்டார். அனுப்பிய படங்களில் நிறம் உறுதியாகவில்லை என்று பதில் வந்தது. இவ்வளவு அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் படிப்படியாக எழுதுகிறேன். இதில் இரண்டு காரியங்கள்தாம் முக்கியம்: எந்த வெளிச்சத்தில் பார்த்தீர்கள் என்பதும், எங்கே பார்த்தீர்கள் என்பதை யாருக்குச் சொல்கிறீர்கள் என்பதும்.

1. முதல் வேலை: இடத்தை வெளியே சொல்லாதீர்கள்

படம் எடுத்த கையோடு சமூக ஊடகத்தில் போடத் தோன்றும். பொறுங்கள். நாய்களை ஏவி பேட்ஜர்களைக் கொல்லும் கொடுமை சட்டவிரோதமாக இன்றும் நடக்கிறது. அந்தக் கும்பல்கள் தேடுவது வளை இருக்கும் இடத்தை. அபூர்வ நிறம் என்றால் வேடிக்கை பார்க்க வருகிறவர்களும் சேர்ந்துகொள்வார்கள். ஒரு வளையைப் பல தலைமுறைப் பேட்ஜர்கள் பயன்படுத்துகின்றன. இடம் ஒரு முறை அம்பலமானால் திரும்ப மறைக்க முடியாது.

கைப்பேசியில் எடுத்த படத்துக்குள் ஜிபிஎஸ் இடக்குறிப்பு ஒளிந்திருக்கும். நண்பருக்கு அனுப்பினாலும் அது கூடவே போகக்கூடும். அனுப்பும் முன் அதை நீக்கிவிடுங்கள். பின்னணியில் தேவாலயக் கோபுரம், பண்ணை வீடு, பாதைப் பலகை தெரிகிறதா என்றும் பாருங்கள். ஊர்க்காரர் ஒருவருக்கு அந்த ஒரு கோபுரம் போதும். மாவட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

2. சட்டம் எங்கே கோடு போடுகிறது

இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றிலும் 1992ஆம் ஆண்டின் பேட்ஜர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். பேட்ஜரைக் கொல்வது, காயப்படுத்துவது, பிடிப்பது மட்டும் குற்றமல்ல. வளையைச் சேதப்படுத்துவது, வாயிலை அடைப்பது, நாயை உள்ளே விடுவது, உள்ளே இருக்கும் விலங்குக்குத் தொந்தரவு கொடுப்பது ஆகியவையும் குற்றம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆறு மாதம் வரை சிறையும் வரம்பில்லாத அபராதமும் கிடைக்கலாம். ஸ்காட்லாந்தில் 2020இல் தண்டனையைக் கடுமையாக்கினார்கள். வட அயர்லாந்துக்குத் தனிச் சட்டம் உண்டு.

தொலைவில் அமர்ந்து பார்ப்பதற்கு உரிமம் தேவையில்லை. ஆனால் படம் தெளிவாக வரவேண்டும் என்று வளை வாயிலில் செடியை வெட்டுவது, மண்ணைச் சமன் செய்வது, வாயிலுக்குள் கேமராவை நீட்டுவது எதையும் செய்யாதீர்கள். குட்டி வெள்ளையா என்று பார்க்க டார்ச் அடித்து வளைக்குள் எட்டிப் பார்ப்பது கூடவே கூடாது.

3. என்ன நிறம் என்று பிரித்துப் பாருங்கள்

முதலில் வழக்கமான ரோமம் எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். முள்வேலியின் கீழ்க் கம்பிக்கு அடியில் பேட்ஜர் நுழையும் இடத்தில் சில மயிர்கள் சிக்கியிருக்கும். முரட்டு மயிர். பெரும்பகுதி வெளிறிய வெள்ளை, நுனிக்குச் சற்றுக் கீழே கறுப்பு வளையம், நுனி மறுபடியும் வெள்ளை. விரல்களுக்கு இடையில் உருட்டினால் சீராக உருளாமல் தட்டித் தட்டிப் புரளும், ஏனென்றால் அதன் குறுக்குவெட்டு வட்டமல்ல, நீள்வட்டம். நரியின் மயிர் வழுக்கிக்கொண்டு உருளும். தொலைவில் நாம் சாம்பல் என்று பார்ப்பது இந்தக் கறுப்பும் வெள்ளையும் கலந்த தோற்றத்தைத்தான். முதுகில் சாம்பல் நிற மயிர் என்று தனியாக ஒன்று இல்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மாறுபாடுகள் எளிதில் விளங்கும்.

செம்பழுப்பு, அதாவது எரித்ரிஸ்டிக்: கறுப்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் துரு நிறம் அல்லது இஞ்சி நிறம். முகப்பட்டை, கால்கள், முதுகு மயிரின் வளையம் மூன்றும் சேர்ந்து மாறியிருக்கும். கண்கள் வழக்கம்போல் கருமையாகவே இருக்கும்.

அல்பினோ: கருநிறமி அறவே இல்லை. உடல் முழுக்க வெள்ளை அல்லது தந்த நிறம், மூக்கு இளஞ்சிவப்பு, கண்ணும் இளஞ்சிவப்பு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் குட்டி இப்படிப் பிறக்கும். அதனால் சாதாரண நிறமுள்ள பெற்றோருக்கும் வெள்ளைக் குட்டி பிறக்கலாம்.

லியூசிஸ்டிக்: ரோமம் முழுவதுமோ திட்டுத் திட்டாகவோ வெளுத்திருக்கும். கண் கருமை. வெள்ளைப் பேட்ஜரைப் பார்த்ததுமே அல்பினோ என்று எழுதிவிடுகிறார்கள். மூக்கையும் கண்ணையும் பார்க்காமல் அந்தச் சொல்லைப் பயன்படுத்தாதீர்கள்.

மெலனிஸ்டிக்: உடல் முழுக்க மிகக் கறுத்து, முகப்பட்டைகூட மங்கலாகத்தான் தெரியும். மிக அபூர்வம்.

வால் நுனி வெள்ளையாக இருப்பது மாறுபாடல்ல. வாலில் வெள்ளை எவ்வளவு என்பது விலங்குக்கு விலங்கு இயல்பாகவே வேறுபடும். ஒரு கூட்டத்தில் யார் யார் என்று அடையாளம் வைத்துக்கொள்ள அது நன்றாக உதவும்.

4. மண், ஈரம், உதிரும் மயிர்: இவற்றைக் கழித்துவிடுங்கள்

டெவனில் செம்மண் நிலத்தில் வளை தோண்டிய பேட்ஜரின் வெள்ளைப் பகுதிகளெல்லாம் சிவந்துதான் இருக்கும். தெற்கு இங்கிலாந்தின் சுண்ணாம்புக் குன்றுகளில் அதே விலங்கு வெள்ளைப் பொடி பூசிக்கொண்டு வெளியே வரும். சோதிக்க ஒரு வழி உண்டு. மண் கறை வெள்ளைப் பகுதியில்தான் பளிச்சென்று தெரியும், கறுப்பு முகப்பட்டை கறுப்பாகவே நிற்கும். உண்மையான செம்பழுப்பில் மாறுவது அந்தப் பட்டைதான். வளைக்கு வெளியே குவிந்திருக்கும் மண்ணை, தொலைவிலிருந்தே, ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பதிவைச் சரிபார்ப்பவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

மழையில் நனைந்த பேட்ஜர் கறுப்பாகத் தெரியும், மெலனிஸ்டிக் என்று தோன்றும். உலர்ந்த இரவில் ஒரு முறையாவது பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

பேட்ஜர் ஆண்டுக்கு ஒரு முறை ரோமம் உதிர்க்கிறது. வசந்த காலத்தில் தொடங்கி இலையுதிர் காலத்துக்குள் புது ரோமம் நிறைந்துவிடும். இடைப்பட்ட மாதங்களில் பழைய மயிர் மங்கி, திட்டுத் திட்டாகக் கழன்று, விலங்கு வேறு நிறம்போலத் தெரியலாம். பிட்டத்திலும் கழுத்திலும் மயிரில்லாத திட்டு இருந்தால், அது பெரும்பாலும் சண்டையில் பட்ட கடிக்காயம். எல்லைச் சண்டையில் அவை கடிப்பது அந்த இடங்களில்தான். அதை நிற மாறுபாடாக எழுதாதீர்கள்.

5. வெளிச்சம்: அதிகமானோர் சிக்கிக்கொள்ளும் இடம்

நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. நிறம் பற்றிய பதிவுகள் பல இங்கேதான் அடிபட்டுப் போகின்றன.

விலங்கு அசைந்தால் தானே படமெடுக்கும் தானியங்கிக் கேமராக்கள் சந்தையில் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை இரவில் அகச்சிவப்புக் கதிரில் படமெடுக்கும். கதிரின் அலைநீளம் 850 நானோமீட்டர் அல்லது 940 நானோமீட்டர் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். இரண்டுமே கறுப்பு வெள்ளைப் படம்தான் தரும். அதில் செம்பழுப்புப் பேட்ஜர் வெளிறிப்போய், கிட்டத்தட்ட வெள்ளையாகத் தெரியும். அந்தப் படத்தை வைத்து அல்பினோ என்று அடித்துச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அகச்சிவப்புப் படம் ஒன்றுக்கு மட்டும் சாட்சி: இந்த விலங்கு மற்றவற்றிலிருந்து வேறுபட்டிருக்கிறது. என்ன நிறம் என்று அது சொல்லாது.

கண்ணும் அப்படித்தான். பேட்ஜரின் கண்ணுக்குள், விழித்திரைக்குப் பின்னால், ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் இருக்கிறது. பிளாஷ், டார்ச், அகச்சிவப்பு எது பட்டாலும் கண் மின்னும். அந்த மின்னலை இளஞ்சிவப்புக் கண் என்று எழுதினால் பதிவு நிற்காது. இரவுப் படத்தில் கண்ணை விட்டுவிட்டு மூக்கைப் பாருங்கள்.

சிவப்பு டார்ச்சைப் பேட்ஜர் அவ்வளவாகப் பொருட்படுத்தாது என்பதால் பார்வையாளர்கள் அதைத்தான் வைத்திருப்பார்கள். நிறம் பார்க்க அது உதவாது. சிவப்பு ஒளியில் செம்பழுப்பும் வெள்ளையும் ஒன்றுபோலத் தெரியும். தெருவிளக்கு மஞ்சளாக இருந்தால் நேர்மாறான தவறு நடக்கும், சாதாரணச் சாம்பல் பேட்ஜர் இஞ்சி நிறமாகிவிடும். தோட்டத்தில் பார்த்தவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். வீட்டுப் பாதுகாப்பு விளக்கு என்ன நிறம் என்று பதிவில் எழுதுங்கள்.

அப்படியானால் எப்போது பார்ப்பது? மே மாதத்திலிருந்து ஜூலை வரை. ஜூன் மாதக் கடைசியில் லண்டனில் சூரியன் மறைய இரவு 9.20 ஆகிவிடும், எடின்பரோவில் 10 மணி. அந்த நாட்களில் பேட்ஜர்கள் இருட்டும்வரை காத்திருக்காமல் வெளியே வருவது சாதாரணம். பெரும்பாலும் பிப்ரவரியில் பிறக்கும் குட்டிகளும் ஏப்ரல் வாக்கில் மேலே வரத் தொடங்கி, இந்த மாதங்களில் வெளியே விளையாடும். இயற்கை வெளிச்சத்தில் எடுத்த ஒரே ஒரு படம், குளிர்கால இரவுகளில் எடுத்த நூறு படங்களைவிட மேல்.

சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய் அமர்ந்துவிடுங்கள். காற்று வளையிலிருந்து உங்களை நோக்கி வீச வேண்டும், உங்கள் வாசனை அங்கே போகக் கூடாது. மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தால் உங்கள் உருவம் வானத்தை மறைத்துத் தனியாகத் தெரியாது. சரசரக்கும் மழைக்கோட்டு வேண்டாம். வாசனைத் தைலம், தலையில் பூசிய எண்ணெய் எல்லாம் அதன் மூக்குக்கு எட்டும். எல்லாம் உள்ளே திரும்பும்வரை, அல்லது வெகுதூரம் மேயப் போகும்வரை எழுந்திருக்காதீர்கள்.

படத்தில் இருக்க வேண்டியவை: முகம் நேராக, பக்கவாட்டில் முழு உடல், மூக்கு தெளிவாக. இவற்றைவிட வலுவான சான்று ஒன்றுண்டு. சாதாரண நிறமுள்ள இன்னொரு பேட்ஜர் அதே படத்தில் பக்கத்தில் நிற்பது. ஒரே வெளிச்சம், ஒரே கேமரா, இரண்டு நிறம் என்றால் வாதாட ஒன்றுமில்லை. அது கிடைக்காவிட்டால், பகலில் விலங்குகள் உள்ளே இருக்கும்போது, அது நடக்கும் பாதையில் வெள்ளைத் தாள் ஒன்றை வைத்து அதே கேமராவால் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேமராவின் நிறக்கோளாறு அதில் தெரிந்துவிடும். படத்தின் நிறத்தைத் திருத்தி மெருகேற்றாதீர்கள். மூலக் கோப்பை அப்படியே வைத்திருங்கள்.

6. நில உரிமையாளரின் அனுமதி

பொதுப் பாதையில் நின்று பார்ப்பதற்கு யாரையும் கேட்க வேண்டாம். பாதையை விட்டு இறங்கினால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரும்பாலும் அனுமதி தேவைப்படும். ஸ்காட்லாந்தில் பொறுப்போடு நடந்துகொள்ளும்வரை 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலத்தில் நடக்க உரிமை உண்டு. ஆனால் கேமராவைக் கட்டிவிட்டு வர எங்கேயும் அனுமதி கேளுங்கள், அதையும் எழுத்தில் வாங்குங்கள். மின்னஞ்சல் போதும். அதில் நான்கு செய்திகள் இருக்கட்டும்: எந்த வயல் அல்லது காடு, எந்தத் தேதியிலிருந்து எதுவரை, எத்தனை கேமரா, படங்கள் யாருக்குப் போகும்.

குத்தகைக்கு எடுத்தவர் ஒருவர், சொந்தக்காரர் வேறொருவர் என்றால் இருவரிடமும் கேட்க வேண்டியிருக்கும். தனி விவசாயி இரண்டொரு நாளில் பதில் சொல்லிவிடுவார். பெரிய அறக்கட்டளை, வனத்துறை போன்றவற்றின் நிலமென்றால் வாரக்கணக்கில் ஆகலாம். அதனால் ஜூனில் பார்க்க விரும்புகிறவர்கள் மார்ச்சிலேயே எழுதிவிடுங்கள். பிறருக்கு நேரும் சேதத்துக்கு ஈடுகொடுக்கும் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்று கேட்டால் திகைக்க வேண்டாம். பேட்ஜர்களைப் பாதுகாக்க உழைக்கும் உள்ளூர் பேட்ஜர் குழுவில் உறுப்பினராகி, அவர்களுடைய பணியாகச் செய்யும்போது குழுவின் காப்பீடு உங்களுக்கும் பொருந்துமா என்று விசாரியுங்கள். தனியாக எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது.

கால்நடைப் பண்ணையாளர்களிடம் பேசும்போது மென்மையாகப் பேசுங்கள். பேட்ஜர் மூலமும் பரவக்கூடிய மாட்டுக் காசநோயால் மந்தையை இழந்தவர்களுக்கு பேட்ஜர் என்ற சொல்லே வேதனை தரும். அவர் மறுத்துவிட்டால் வற்புறுத்தாதீர்கள்.

7. கருவிகளும் செலவும்

அகச்சிவப்புக் கேமரா 40 பவுண்டிலிருந்து 120 பவுண்டுக்குள் கிடைக்கும். வெள்ளை பிளாஷ் உள்ளவை இரவிலும் நிறத்தோடு படம் தரும், ஆனால் விலை அதற்கு மேல், பளிச்சென்ற வெளிச்சம் சில விலங்குகளை மிரட்டவும் செய்யும். அதை வளை வாயிலுக்கு எதிரே வைக்காதீர்கள். மேயப் போகும் பாதையில் வைத்து, மிரள்கிறதென்று தெரிந்த அன்றே எடுத்துவிடுங்கள். என் கருத்தில் கோடை மாலையின் வெளிச்சம் இருக்கும்போது வெள்ளை பிளாஷுக்குச் செலவு செய்ய அவசியமில்லை.

நினைவக அட்டை, மின்கலங்கள், பூட்டும் கம்பியும் சேர்த்து இன்னும் 30, 40 பவுண்டு வைத்துக்கொள்ளுங்கள். பேட்ஜர் குழுவின் ஆண்டுச் சந்தா பல இடங்களில் 10, 15 பவுண்டு அளவில்தான். பதிவு செய்வதற்குக் கட்டணமே இல்லை.

கேமராவை முழங்கால் உயரத்தில், பாதையிலிருந்து சில அடி தள்ளிக் கட்டுங்கள். மனிதர்கள் நடக்கும் பாதை படத்தில் விழக் கூடாது. தேதியையும் நேரத்தையும் சரியாக அமையுங்கள். மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் இந்நாட்டுக் கடிகாரம் ஒரு மணி நேரம் மாறும், கேமரா தானாக மாறாது.

8. பதிவை எங்கே, எப்படி அனுப்புவது

ஐரெக்கார்டு என்ற இணையத்தளமும் செயலியும் இருக்கின்றன. பாலூட்டிகள் சங்கத்தின் மேமல் மேப்பர் செயலியும் உண்டு. அந்தந்த வட்டாரத்துக்கு உயிரினப் பதிவு மையமும் இருக்கும். நான் சொல்லும் வரிசை இது: முதலில் உள்ளூர் பேட்ஜர் குழுவிடம் பேசுங்கள். அந்த விலங்கு அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கலாம். குழு எங்கே என்று பேட்ஜர் டிரஸ்ட் அமைப்பிடம் கேட்டால் சொல்வார்கள். அதன் பிறகு ஐரெக்கார்டில் ஏற்றுங்கள்.

எந்தப் பதிவுக்கும் நான்கு தகவல்கள் கட்டாயம்: என்ன, எங்கே, எப்போது, யார் பார்த்தது. இடத்தை, நாட்டின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடக் குறியீட்டில் கொடுங்கள். ஆறிலக்கக் குறியீடு நூறு மீட்டர்ச் சதுரத்தைக் காட்டும். கொடுப்பதைத் துல்லியமாகக் கொடுத்து, பொதுமக்களுக்குத் தெரிவதை மட்டும் மங்கலாக்குங்கள். அதற்கான வசதி தளத்தில் இருக்கிறது, ஆனால் அதை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைக் கவனிக்காமல் சமர்ப்பிப்பது பெரிய கண்ணி. சமர்ப்பித்த பின் வெளியேறி, உள்நுழையாத ஒருவர் போல உங்கள் பதிவைத் திறந்து பாருங்கள்.

நிறத்துக்கு இடமில்லை என்றேன் அல்லவா? குறிப்புப் பகுதியில் எழுதுங்கள். நான் இப்போது பயன்படுத்தும் வடிவம் இதுதான்: "முதிர்ந்த விலங்கு. முகப்பட்டையும் கால்களும் துரு நிறம். மூக்கு தெளிவாகத் தெரியவில்லை. கண் கருமை. இயற்கை வெளிச்சம், சூரியன் மறைய 20 நிமிடம் முன். ரோமம் உலர்ந்திருந்தது. வளை மண் வெளிர்பழுப்பு. அருகில் சாதாரண நிறத்தில் இன்னொன்று." பார்த்ததை மட்டும் எழுதி, எரித்ரிஸ்டிக் என்ற முடிவைக் கடைசியில் "எனத் தோன்றுகிறது" என்று சேர்த்தால் சரிபார்ப்பவருக்கு நம்பிக்கை வரும். ஆங்கிலத்தில் எழுதும்போதும் இதே வரிசையைப் பின்பற்றுங்கள்.

சரிபார்ப்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். சில நாட்களிலும் பதில் வரும், மாதக்கணக்கிலும் ஆகும். இனம் பேட்ஜர்தான் என்று ஏற்கப்பட்டால், நிறமும் ஏற்கப்பட்டதாகப் பொருளல்ல. நிறத்தைப் பற்றித் தனியாகக் கேட்டு எழுதுங்கள். கூடுதல் படம் கேட்டால் சலித்துக்கொள்ளாமல் மூலக் கோப்பை அனுப்புங்கள்.

9. இறந்து கிடந்தால்

சாலையோரத்தில் அடிபட்டுக் கிடக்கும் பேட்ஜர்களில் இந்த நிறங்கள் சில சமயம் தென்படும். வேகமான சாலையில் இறங்கவே வேண்டாம், மைல்கல்லைக் குறித்துக்கொண்டு போய்விடுங்கள். பாதுகாப்பான இடமென்றால் படம் எடுங்கள், வெறுங்கையால் தொடாதீர்கள். தோலையோ வாலையோ எடுத்துப்போக நினைக்காதீர்கள். இறந்த பேட்ஜரின் உடலையோ அதன் பாகத்தையோ வைத்திருப்பதே உங்களைச் சட்டச் சிக்கலில் மாட்டிவிடலாம். அன்றைக்கே பேட்ஜர் குழுவுக்குத் தகவல் சொல்லுங்கள். பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் இறந்தது பால் கொடுக்கும் தாயாக இருந்தால், வளைக்குள் குட்டிகள் பசியோடு காத்திருக்கும். அதனால் நிறத்தைவிட முதலில் சொல்ல வேண்டியது அந்த இடமும் நேரமும்.

வளையில் மண்வெட்டியோடும் நாய்களோடும் யாராவது நிற்பதைப் பார்த்தால் நெருங்காதீர்கள். காவல்துறையை அழையுங்கள்: நடந்துகொண்டிருக்கும் குற்றமென்றால் 999, முடிந்துபோனதென்றால் 101. வனவிலங்குக் குற்றம் என்று சொல்லி, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

10. ஒரு முறை பதிவு செய்ததோடு விடாதீர்கள்

இலையுதிர் காலத்தில் புது ரோமம் வந்தபின் அதே விலங்கை மறுபடியும் பாருங்கள். கறையாக இருந்திருந்தால் புது ரோமத்தில் பெருமளவு போயிருக்கும், பிறவி நிறமென்றால் அப்படியே இருக்கும். அதை இரண்டாவது பதிவாக, முந்தைய பதிவின் எண்ணைக் குறிப்பிட்டு ஏற்றுங்கள். அடுத்த வசந்தத்தில் குட்டிகள் வெளியே வரும்போது எத்தனை குட்டிகள், அவற்றில் எத்தனை அந்த நிறம் என்று எழுதிச் சேர்த்தால், குழுவினர் உங்களைத் தேடி வந்து கேட்கும் தகவல் அதுவாகத்தான் இருக்கும். மூலப் படங்களைத் தேதி வாரியாக இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். அனுமதிக் கடிதத்தின் காலம் எப்போது முடிகிறது என்று நாட்காட்டியில் குறித்து, அதற்கு ஒரு மாதம் முன்பே புதுப்பிக்கக் கேளுங்கள்.